பன்சன் என்றால் பர்னர் மட்டும்தானா?

கேள்வி இது: “பன்சன் பர்னரைக் கண்டுபிடித்த பன்சன் யார்? பர்னரைத் தவிர வேறு ஏதாவது செய்திருக்கிறாரா?”

நிறையச் செய்திருக்கிறார். சொல்லப்போனால் அவர் செய்தவற்றில் அவர் பங்கு குறைவாக இருப்பது, ஆய்வுக்கூடங்களில் வாயுவை எரித்துச் சூடாக்கும் அந்த பர்னரில்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பல வருடம் பிள்ளைகளுக்கு சால்ட் அனாலிசிஸ், அதாவது ஒரு உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, சொல்லிக்கொடுத்தவன் நான். ‘பன்சன் சுடரின் ஒளிராத பகுதியில் காட்டு’ என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்த ‘ஒளிராத’ என்ற ஒரு சொல்லில் இந்த மனிதரின் கதையில் பாதி அடங்கியிருக்கிறது என்று எனக்கே வெகு தாமதமாகத்தான் உறைத்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ராபர்ட் வில்ஹெல்ம் பன்சன் 1852-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் பேராசிரியராக வந்தார். அவருக்குப் புது ஆய்வுக்கூடம் கட்டித் தருவதாகப் பேச்சு. ஊரில் அப்போதுதான் நிலக்கரி வாயுவில் எரியும் தெருவிளக்குகள் வந்துகொண்டிருந்தன. அந்த வாயுவையே குழாய் போட்டு ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கொண்டுவரலாம் என்று முடிவானது. வாயு வந்துவிடும் சரி, அதை எப்படி எரிப்பது? விளக்கில் எரிக்கிற மாதிரி எரித்தால் மஞ்சளாக எரியும், கரி படியும், சூடும் போதாது. லண்டனில் கம்பி வலை வைத்த ஒரு பர்னர் புழக்கத்தில் இருந்தது. அது பன்சனுக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்டது வேறு: வாயுவும் காற்றும் எரிகிற இடத்துக்கு வருவதற்கு முன்பே, குழாய்க்குள்ளேயே கலந்துவிட வேண்டும்.

அதைச் செய்துகொடுத்தவர் பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவரான பீட்டர் டெசாகா. அடியில் சின்னத் துளை, அதன் வழியாக வாயு வேகமாகச் சீறும். சீறும்போது பக்கத்து ஓட்டைகள் வழியாகக் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் குழாயில் கலந்து மேலே வந்து எரியும். 1855-இல் புது ஆய்வுக்கூடம் திறந்தபோது பர்னர் தயார். 1857-இல் அதன் விவரத்தை அச்சிலும் போட்டுவிட்டார்கள். காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார் பன்சன். தன் கண்டுபிடிப்புகளில் காசு பார்ப்பது அவருக்குக் கடைசிவரை பிடிக்காத விஷயம்.

நம் வீட்டு கேஸ் அடுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பர்னர் அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகி பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறது அல்லவா? காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். எரியாமல் மிஞ்சும் கரித்துகள்கள் சூட்டில் தகதகப்பதுதான் அந்த மஞ்சள். காற்று முன்கூட்டியே கலந்தால் கரித்துகள் மிஞ்சாது. சுடர் நீலமாக, கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாமல் எரியும். ஆக, டெசாகாவின் கையிலிருந்து பன்சனுக்குக் கிடைத்தது சூடான, தனக்கென்று சொல்லும்படி நிறம் இல்லாத ஒரு சுடர். அதில் எதை வைத்தாலும், தெரியும் நிறம் வைத்த பொருளுடையது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம்.

பன்சன் பிறந்தது 1811 மார்ச்சில், கோட்டிங்கன் நகரில். தேதி 30 என்று ஞானஸ்நானப் பதிவு சொல்கிறது. அவரோ பிற்காலத்தில் 31-ஆம் தேதிதான் பிறந்தநாள் கொண்டாடினார். எதையும் நாலு தசமப் புள்ளிவரை அளந்து பார்க்கிற ஆளுக்குச் சொந்தப் பிறந்தநாளில் ஒரு நாள் பிசகு! அப்பா அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நூலகராகவும் மொழிப் பேராசிரியராகவும் இருந்தவர். மகன் அங்கேயே படித்தார். காட்மியத்தைக் கண்டுபிடித்த ஸ்ட்ரோமயர்தான் ஆசிரியர். இருபது வயதை ஒட்டி டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, 1832-33-இல் ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா என்று ஆய்வுக்கூடங்களையும் தொழிற்சாலைகளையும் பார்த்துக்கொண்டே சுற்றினார். அந்தச் சுற்றல் வீண்போகவில்லை. தொழிற்சாலைப் புகையைப் பார்த்தால் அதில் என்ன வீணாகிறது என்று கணக்குப் போடும் புத்தி அவருக்குக் கடைசிவரை இருந்தது.

முதல் பெரிய வேலை ஆர்சனிக். 1834-இல் பெர்த்தோல்ட் என்ற மருத்துவரோடு சேர்ந்து, புதிதாக வீழ்படிவாக்கிய இரும்பு ஹைட்ராக்சைடு ஆர்சனிக் நஞ்சைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும் என்று காட்டினார். ஆர்சனிக் கொடுத்துக் கொல்வது அந்தக் கால ஐரோப்பாவில் சர்வசாதாரணம், அதற்கு உருப்படியான முறிவு மருந்து கிடையாது. இப்போது வங்கத்துக் கிணற்று நீரில் ஆர்சனிக்கை நீக்க வைக்கிற வடிகட்டிகள் சிலவற்றில் இருப்பதும் இரும்பு ஹைட்ராக்சைடு மணிகள்தான்.

நஞ்சுக்கு முறிவு கண்டவர் அடுத்து அதே நஞ்சின் வாய்க்குள் கையை விட்டார். 1836-இல் காசெல் நகரத் தொழிற்பள்ளியில் வேலை. பிறகு 1839-இலிருந்து மார்பர்க் பல்கலைக்கழகம். இந்த வருடங்களில் அவர் கையாண்டது ககோடைல் எனப்படும் ஆர்சனிக் சேர்மங்கள். கிரேக்கத்தில் ‘நாற்றம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர், வைத்தவர் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ். சில சேர்மங்கள் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். ஆவியை முகர்ந்தால் கைகால் மரத்துப்போகும், தலை சுற்றும், நாக்கில் கறுப்பாகப் படியும். இவையெல்லாம் அவரே தன் உடம்பில் பார்த்து எழுதிவைத்தவை. ஒருநாள் ககோடைல் சயனைடு வெடித்தது. வலது கண்ணின் பார்வை போயிற்று. உள்ளே போன ஆர்சனிக் வேறு உயிருக்கே உலை வைத்தது. பல நாள் படுக்கையில் கிடந்துதான் எழுந்தார்.

அந்த வேலையை முடித்தபின் கரிம வேதியியல் பக்கமே அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் அந்த ஆய்வு வீணாகவில்லை. ஒரு அணுக்கூட்டம் ஒரு சேர்மத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே முழுசாக இடம்பெயரும் என்பதற்கு அது வலுவான சான்றாக நின்றது. மார்பர்க்கில் அவரிடம் படித்த பிராங்க்லண்ட் 1852-இல், ஒரு அணு எத்தனை அணுக்களோடு சேரும் என்று சொல்லும் ‘இணைதிறன்’ என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தார். பிளஸ் ஒன் பிள்ளைகள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அப்புறம் ஊதுலைகள். இரும்பு உருக்கும் உலையின் வாயிலிருந்து வெளியேறும் வாயுவில் என்னென்ன இருக்கிறது என்று அளந்தார். ஜெர்மனியின் மரக்கரி உலைகளில் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் புகையோடு போகிறது என்று தெரிந்தது. 1840-களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் லையன் பிளேஃபேரோடு சேர்ந்து இங்கிலாந்தின் உலைகளைப் பார்த்தால் அங்கே 80 விழுக்காட்டுக்கு மேல் வீண். அந்த வாயுவையே திருப்பி எரித்துப் பயன்படுத்துங்கள் என்று வழியும் சொன்னார்கள். இதற்காக வாயுக்களை அளக்க அவர் உருவாக்கிய முறைகள்தான் 1857-இல் புத்தகமானது. அவர் எழுதிய ஒரே புத்தகமும் அதுதான்.

மின்கலமும் உண்டு. க்ரோவ் செய்த மின்கலத்தில் பிளாட்டினம் வேண்டும், விலை கட்டுப்படியாகாது. 1841-இல் பன்சன் அந்த இடத்தில் கரியை வைத்தார். ஒரு பக்கம் கந்தக அமிலத்தில் துத்தநாகம், மறுபக்கம் நைட்ரிக் அமிலத்தில் கரி. மலிவாக நிறைய மின்சாரம் கிடைத்ததும் உருகிய உப்புகளை மின்னாற்பகுத்து, அதாவது மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, மெக்னீசியத்தைக் கையில் எடுத்தார். மத்தீசன் என்பவரோடு சேர்ந்து 1855-இல் லித்தியத்தையும் பார்க்கும் அளவுக்குத் திரட்டினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஐஸ்லாந்துப் பயணம். 1845-இல் ஹெக்லா எரிமலை வெடித்தது. மறுவருடம் டென்மார்க் அரசின் ஆதரவோடு போன குழுவில் பன்சனும் இருந்தார். எரிமலை வாயுக்களைக் குடுவைகளில் பிடித்தார். அத்தோடு நிற்காமல், நேரத்துக்கு நேரம் வானத்தைப் பார்த்துப் பீச்சியடிக்கும் கெய்சர் வெந்நீர் ஊற்றின் குழாய்க்குள்ளே வெப்பமானியை இறக்கினார், அதுவும் அது பீச்சுவதற்குக் கொஞ்சம் முன்பு. ஆழத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிக்கவில்லை. மேலே இருக்கும் நீரின் பாரம் அழுத்துவதால் கொதிநிலை ஏறிவிடுகிறது. குக்கருக்குள் நடப்பதும் அதுதான். கீழிருந்து கொஞ்சம் நீராவி இந்த நீர்த்தூணைச் சற்றே மேலே தள்ளினால் போதும்: பாரம் குறைந்த இடத்துக்கு வந்த வெந்நீர் சட்டென்று கொதிக்கும், அது மேலே உள்ளதைத் தூக்கி எறியும், அதனால் அடியில் பாரம் இன்னும் குறையும், அங்கேயும் கொதிக்கும்… ஒரு தொடர் ஓட்டம். அடியில் எரிமலையின் மாயம் எதுவும் தேவையில்லை, வெப்பமும் ஒரு நீளக் குழாயும் போதும். பின்னாளில் இதை வகுப்பறையிலேயே மாதிரி செய்து காட்டினார்கள்.

சரி, பர்னருக்குத் திரும்புவோம்.

1850-களின் கடைசியில் பன்சன் நிறமில்லாத சுடரில் உப்புகளைக் காட்டி, சுடர் மாறும் நிறத்தை வைத்து உள்ளே என்ன உலோகம் என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். இதில் ஒரு தொல்லை உண்டு, பிராக்டிகல் செய்த யாருக்கும் தெரியும். சோடியம் துளி கலந்திருந்தால் போதும், அதன் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தால் சுடர் மஞ்சளாகத் தெறிக்கிறதே, அந்த உப்பின் மஞ்சள்தான். பன்சன் நிறக் கண்ணாடிகளும் நீலச்சாயக் கரைசலும் வைத்து அதை வடிகட்டிப் பார்த்தார். அப்போதுதான் நண்பரும் இயற்பியல் பேராசிரியருமான குஸ்தாவ் கிர்காஃப் சொன்னார்: கண்ணாடி எதற்கு, முப்பட்டகம் வழியாகப் பார்க்கலாமே.

இருவரும் சுருட்டுப் பெட்டி ஒன்றையும் பழைய தொலைநோக்கித் துண்டுகளையும் ஒரு முப்பட்டகத்தையும் வைத்து நிறமாலைமானி என்ற கருவியை ஒட்டுப்போட்டுச் செய்தார்கள். சுடரின் ஒளி அதில் விரிந்தபோது தெரிந்தவை தனித்தனிக் கோடுகள். சோடியத்துக்கு மஞ்சளில், லித்தியத்துக்குச் சிவப்பில், இப்படி ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய இடங்களில் கோடு. எல்லாம் கலந்து கிடந்தாலும் ஒன்றின் கோடு மற்றதை மறைப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுடரை முப்பட்டகம் வழியாகப் பார்த்தவர்களில் இவர்கள் முதல் ஆட்கள் இல்லை. டால்பட், ஹெர்ஷெல், ஃபூக்கோ என்று பலர் முன்பே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காலத்தில் எந்த உப்பைக் காட்டினாலும் அந்த மஞ்சள் கோடு வந்து நிற்கும்; அது யாருடைய கோடு என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. உப்பைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கிச் சுத்தம் செய்ய ஒரு பொறுமைசாலி தேவைப்பட்டார், சொந்த நிறமில்லாத சுடரும் தேவைப்பட்டது. இரண்டும் ஹைடல்பெர்க்கில் ஒரே அறையில் இருந்தன. ஒரு உலோகத்தின் வெவ்வேறு உப்புகளை, வெவ்வேறு வெப்பமுள்ள சுடர்களில் காட்டிப் பார்த்து, கோட்டின் இடம் மாறுவதே இல்லை என்று 1860-இல் இருவரும் எழுதினார்கள். அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுமூலையில் இருந்த சுடரில் மஞ்சள் கோடு எழுவதைப் பார்த்தார்கள். ஒரு மில்லிகிராமில் 30 லட்சத்தில் ஒரு பங்கு சோடியத்தைக்கூடப் பிடிக்க முடியும் என்று கணக்கு வந்தது. எந்தத் தராசும் அதன் பக்கத்தில் வர முடியாது.

கிர்காஃப் இன்னொரு பக்கம் போனார். சூரிய ஒளியின் நிறமாலையில், அதாவது அது நிறம் நிறமாக விரியும் பட்டையில், கறுப்புக் கோடுகள் இருப்பதை ஃபிரான்ஹோபர் முன்பே வரைந்துவைத்திருந்தார். அவற்றில் ஒன்று சோடியத்தின் மஞ்சள் விழும் இடத்திலேயே இருந்தது. சூரிய ஒளியைச் சோடியச் சுடர் வழியாக விட்டால் மஞ்சள் வந்து அந்தக் கறுப்பை நிரப்பும் என்று எதிர்பார்த்தார். கறுப்பு இன்னும் கறுத்தது. அப்படியானால் சூரியனைச் சுற்றியுள்ள ஆவியில் சோடியம் இருக்கிறது, அதுதான் அந்த ஒளியை விழுங்குகிறது. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் அறியவே முடியாது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி கோம்ட் 1835-இல் எழுதியிருந்தார். அந்தத் தீர்ப்பு 25 வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மான்ஹைம் நகரில் தீப்பிடித்து எரிந்ததை ஹைடல்பெர்க்கில் இருந்தபடியே கருவியில் பார்த்து, தீயில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருப்பதை இருவரும் கண்டுகொண்டார்கள் என்றும், அங்கிருந்துதான் சூரியனைப் பற்றிய யோசனை வந்தது என்றும் ஒரு கதை உண்டு. பாடம் எடுக்கிறவர்கள் யாரும் இந்தக் கதையை விட்டதில்லை, நானும் விட்டதில்லை.

பன்சனுக்குச் சூரியனைவிடக் குடுவைதான் பிடிக்கும். டூர்க்ஹைம் ஊற்று நீரில் தெரிந்த உப்புகளையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, இதுவரை யாரும் பார்க்காத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. புதுத் தனிமம் என்று அடித்துச் சொன்னார். சொன்னால் போதுமா, கையில் எடுத்துக் காட்ட வேண்டாமா? 40 டன்னுக்கு மேல் ஊற்று நீரைக் காய்ச்சி வற்றவைத்தார்கள். கடைசியில் கிடைத்தது இரண்டு புதுத் தனிமங்களின் உப்பு, இரண்டையும் சேர்த்து 17 கிராம்கூட வராது. நீலக் கோட்டுக்காக ஒன்றுக்கு, வானத்து நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து சீசியம் என்று பெயர், 1860. லெபிடோலைட் என்ற கனிமத்தில் அடர் சிவப்புக் கோடு காட்டிய மற்றது ருபீடியம்; 1861. இன்று ஒரு நொடி என்பதன் வரையறையே சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள்தான்.

கதவு திறந்ததும் மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். 1861-இல் பச்சைக் கோட்டை வைத்துத் தாலியம், 1863-இல் கருநீலக் கோட்டை வைத்து இண்டியம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது இந்தக் கருவி நம் பக்கமே வந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரான்ஸின் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் அதோடு நின்றார்கள். சூரிய விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம்தான் என்று முதலில் தோன்றும். ஆனால் இடம் மயிரிழை தள்ளி இருந்தது. அந்த வருடமே லண்டனில் வானியலாளர் லாக்யரும் அதைப் பார்த்தார், பூமியில் இல்லாத தனிமம் என்று முடிவு கட்டினார். ஹீலியம் என்று பெயரும் வந்தது.

மனிதர் எப்படி? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறதிக்காரர், உடையில் அக்கறை கிடையாது, சூடான கண்ணாடியைச் சர்வசாதாரணமாக விரலால் எடுப்பார். அவரை முத்தமிடலாம் போலிருக்கிறது, ஆனால் முதலில் குளிப்பாட்ட வேண்டும் என்று சக வேதியியலாளர் ஒருவரின் மனைவி சொன்னதாக ஒரு கதை உலாவுகிறது. மாணவர்கள் அவரைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ராஸ்கோ வந்தார். இருவரும் ஒளி பட்டால் ஹைட்ரஜனும் குளோரினும் எவ்வளவு சேர்கின்றன என்று வருடக்கணக்கில் அளந்தார்கள். லோதர் மேயர் படித்தார். மெண்டலீஃப் வந்து, கொஞ்ச நாளில் அங்கிருந்து விலகி ஊரிலேயே தனியாக ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். தனிம வரிசை அட்டவணைக்கு உரிமை கொண்டாடிய இருவருமே இவர் வாசலை மிதித்தவர்கள். ஆனால் பன்சனின் வகுப்பில் அந்த அட்டவணை பற்றிப் பேச்சே கிடையாது. கோட்பாடு என்றாலே அவருக்குக் கொஞ்சம் அலட்சியம். இதை நான் அவருடைய குறையாகத்தான் பார்க்கிறேன்: கடைசிப் பத்திருபது வருடங்களில் வேதியியல் வெகுதூரம் போய்விட்டது, அவர் பாடம் அப்படியே நின்றது.

இன்னொரு மாணவரை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக். பன்சனிடம் லாந்தனம், சீரியம் போன்ற அரிய மண் தனிமங்களைப் படித்தவர். சில ஆக்சைடுகள் பர்னர் சுடரில் வெள்ளையாக ஒளிர்வதைப் பார்த்து, அந்த உலோகங்களின் உப்புக் கரைசலில் துணி வலையை ஊறவைத்து, மேண்டில் என்ற ஒளிரும் வலையைச் செய்தார். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வருவார்களே பெட்ரோமாக்ஸ், அதற்குள் இருப்பது அதே மேண்டில்தான். எரிவதும் காற்றோடு முன்கூட்டியே கலந்த ஆவிதான். ஒளியே வேண்டாம் என்று செய்த சுடர் கடைசியில் விளக்குக்கு வந்து சேர்ந்தது.

1874-இல் ஒரு விபத்து. அரிய மண் தனிமங்களின் நிறமாலைகள் பற்றி மூன்று வருடம் உழைத்து எழுதிய கையெழுத்துப் படியை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் எரிந்து கிடக்கிறது. மேசையில் இருந்த தண்ணீர்க் குடுவை லென்ஸ் மாதிரி சூரிய ஒளியைக் குவித்துத் தாளைப் பற்றவைத்திருக்கிறது. கொஞ்ச நாள் இடிந்துபோயிருந்தார். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி செய்து 1875-இல் வெளியிட்டார். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பார்வை உள்ளது ஒரே கண்ணில்.

1877-இல் லண்டன் ராயல் சொசைட்டி முதன்முதலாகக் கொடுத்த டேவி பதக்கம் பன்சனுக்கும் கிர்காஃபுக்கும் சேர்த்துக் கிடைத்தது. 1887-இல் கிர்காஃப் போய்விட்டார். 1889-இல், 78 வயதில், பன்சன் ஓய்வுபெற்று, இளமையிலிருந்து விருப்பமாக இருந்த நிலவியலில் பொழுதைக் கழித்தார். 1895-இல் லண்டனில் வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டு வெளிவந்த வாயுவை நிறமாலைமானியில் பார்த்தபோது, குண்டூர் கிரகணத்தில் தெரிந்த அந்த மஞ்சள் கோடு அங்கே இருந்தது. ஹீலியம் பூமியிலும் உண்டு. பன்சனுக்கு அந்த வருடம் 84 வயது நிறைந்தது. 1899 ஆகஸ்ட் 16 அன்று ஹைடல்பெர்க்கிலேயே இறந்தார்.